கடலடிச் சேறு கூறும் மழைச் சரித்திரம்

வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் தறுவாயில், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளில் வாழும் நம்மவர் வீடுகளில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். “மழை இறங்கிவிட்டதா?” என்பதே அது. மலையாள அன்பர்கள் இடவப்பாதி என்றும், நாம் தென்மேற்குப் பருவமழை என்றும் வழங்கும் இம்மழை மலையில் கொழுந்தைத் தளிர்க்கச் செய்கிறது, அணைகளை நிரப்புகிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரலாக நுழைந்து சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களையும் தொட்டுச் செல்கிறது. முல்லைப் பெரியாற்று அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, தேனி, மதுரைச் சீமைகளில் உள்ள நம் உறவினரின் நிலங்களையும் அதுவே நனைக்கிறது. மலைக்கு இருபுறமும் வாழும் தமிழ் மக்களின் அடுப்பு எரிவது இம்மழையினால்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இத்தகைய மழை என்றும் இப்படியே பெய்து வந்ததா? இனியும் இப்படியே பெய்யுமா? இவ்வினாவிற்கு விடை காண மனித ஞாபகம் போதாது. நம் முதியோர் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று சொல்வது கொல்லம் ஆண்டு 1099ஐ, அதாவது கி.பி. 1924ஐக் குறிக்கும். அவ்வாண்டு ஆடி மாதத்துப் பெருமழை மூணாற்றிலிருந்து உச்சி நிலையம் வரை ஓடிய சிறு இரயில் பாதையை அடித்துச் சென்று, அதற்கு என்றென்றைக்குமாக முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அதற்கு முந்திய கதையைச் சொல்ல இன்று எவரும் உயிரோடு இல்லை. இந்திய வானிலை ஆராய்ச்சித் துறை நிறுவப்பெற்றதே 1875ஆம் ஆண்டில்தான். தேசமளாவிய மழைக் கணக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குத்தான் நமக்குக் கிடைக்கிறது. இப்பருவமழையின் வயதோ கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

அப்படியாயின் பழைய கணக்கை எழுதி வைத்தவர் யார்? எழுதியது கடல். எழுதப்பட்ட ஏடு கடலின் அடியிலே கிடக்கும் சேறு. இது கவிஞர் கற்பனையன்று. விஞ்ஞானிகள் நாள்தோறும் பிரித்துப் படித்து வரும் உண்மையான ஏடு.

சேறு சேரும் விதம்

ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர் உயரமுடையது. அம்மலைத் தொகுதியில் விழும் மழைநீர் இரு திசைகளில் பிரிந்து போகிறது. முதிரைப்புழை வழியாகப் பெரியாற்றில் கலக்கும் நீர் கொச்சியை அடுத்து அரபிக் கடலைச் சேருகிறது. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாற்றில் விழும் நீரோ அமராவதியாகிக் காவிரியிற் கலந்து வங்கக் கடலை நாடுகிறது. பாலக்காட்டுச் சமவெளியின் நீர் பாரதப்புழையாக ஓடிப் பொன்னானியில் அரபிக் கடலுக்குள் இறங்குகிறது. ஆறு நீரை மட்டும் சுமந்து செல்வதில்லை. மலையின் மண்ணையும், சருகின் துகளையும், பூவின் மகரந்தத்தையும் சேர்த்தே சுமந்து செல்கிறது. கனத்த மணல் கரையோரத்திலேயே தங்கிவிடும். மெல்லிய களிமண்ணோ நெடுந்தூரம் மிதந்து சென்று மெல்ல மெல்லக் கீழே படியும்.

மண் மழையோடு கூட, கடலுக்குள்ளே மற்றொரு மழையும் இடையறாது பெய்துகொண்டிருக்கிறது. கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்ணுயிர்கள் மிதந்து வாழ்கின்றன. அவற்றுள் போராமினிபெரா என்பது ஒரு வகை. உடல் முழுவதும் ஒரே உயிரணு. ஆயினும் சுண்ணாம்பினால் அழகிய ஓடு கட்டிக்கொள்ளும். ஓர் ஓடு பெரும்பாலும் மணல் துகளின் அளவே இருக்கும். அவ்வுயிர் மடிந்ததும் ஓடு கீழே இறங்கிச் சேற்றில் புதையும். மேலும் மேலும் படிவு சேரச் சேர, அடியில் உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்ற வரிசை தானாகவே அமைந்துவிடும். கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் உயரமே சேறு சேரும்; கரைக்கு அண்மையில் இது பன்மடங்கு மிகும். ஆகவே, ஆழ்கடற் சேற்றில் ஒரு முழ உயரம் என்பது பல்லாயிரம் ஆண்டுகளின் சரித்திரமாகும்.

இந்த ஏட்டைக் கலைத்துவிடும் பகைவரும் உண்டு. சேற்றில் வாழும் புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி, ஒரு நூற்றாண்டின் பக்கத்தை அடுத்த நூற்றாண்டின் பக்கத்தோடு கலந்துவிடுகின்றன. ஆனால், அரபிக் கடலில் ஒரு விசேஷம் உண்டு. சுமார் 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழே வரை அங்குள்ள நீரில் பிராணவாயு மிகமிகக் குறைவு. அந்நீர் தொடும் சரிவுகளில் சில இடங்களில் புழு பூச்சி வாழ இயலாது. அங்கே படிவுகள் கலையாமல், தோசை மேல் தோசை அடுக்கியது போல, மெல்லிய வரிவரியாக அப்படியே நிலைத்திருக்கின்றன. பாகிஸ்தான் கரைக்கு அப்பால் கிடைத்த இத்தகைய வரிப் படிவுகளைக் கொண்டு, 1998ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1,10,000 ஆண்டுகளின் கதையை வெளியிட்டார்கள்.

ஏட்டை எடுத்தவர்கள்

கடலடிச் சேற்றை முறைப்படி ஆராயத் தொடங்கிய பெருமை, 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சாலஞ்சர்’ என்ற ஆங்கிலக் கப்பலுக்கு உரியது. அதில் பணியாற்றிய ஜான் மர்ரே என்பவர் சேற்று வகைகளைப் பகுத்து விவரித்தார். அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டே 1933–34ஆம் ஆண்டுகளில் ‘மபாஹிஸ்’ என்ற எகிப்தியக் கப்பல் அரபிக் கடலை ஆராயப் புறப்பட்டது. அதன் தலைவர் சேமூர் சூவெல் என்பார், அதற்கு முன் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர்.

அந்நாளில் சேற்றைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடு. நீண்ட தண்டாக, அடுக்குக் குலையாமல் எடுப்பது எவ்வாறு? சுவீடன் நாட்டுக் குல்லன்பெர்க் என்பவர் இதற்கு வழி கண்டார். கனத்த இரும்புக் குழாய் ஒன்றைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். குழாயினுள்ளே பிச்சுக்காரியில் உள்ளது போன்ற உந்துதண்டு ஒன்று இருக்கும். குழாய் சேற்றில் பாயும்போது உந்துதண்டு அசையாது நிற்க, சேறு குலையாமல் உள்ளே ஏறிவிடும். 1947–48ஆம் ஆண்டுகளில் ‘அல்பட்ராஸ்’ கப்பல் இக்கருவியைக் கொண்டு உலகெங்கும் நீண்ட சேற்றுத் தண்டுகளை எடுத்தது.

நம் நாடு இத்துறையில் முன்னேற வாய்ப்பளித்தது, 1959 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சி. அதன் பயனாக 1966ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தேசியக் கடலாராய்ச்சி நிலையம் தோன்றியது. இன்று அது கோவாவில் இயங்கி வருகிறது. அதன் முதல் இயக்குநர் என். கே. பணிக்கர் கேரள மண்ணின் மைந்தர். நிலையத்தின் கிளை ஒன்று நம் அண்டையிலுள்ள கொச்சியிலேயே இருக்கிறது. 1983ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கட்டப்பெற்று இந்தியாவிற்கு வந்த ‘சாகர் கன்யா’ என்ற ஆராய்ச்சிக் கப்பல், மேற்குக் கரைக்கு அப்பால் பற்பல சேற்றுத் தண்டுகளை எடுத்துத் தந்தது.

இன்னும் ஆழமாகத் துளைக்க வேண்டுமாயின் எண்ணெய்க் கிணறு தோண்டுவது போன்ற துளைக் கோபுரம் கொண்ட கப்பல் வேண்டும். ‘ஜாய்டஸ் ரெசொலூஷன்’ என்ற கப்பல் அவ்வகையைச் சேர்ந்தது. அது 1987ஆம் ஆண்டில் ஓமன் கரைக்கு அப்பால் துளையிட்டது. பின்னர் 2015ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு மேற்கே இலட்சுமி வடிநிலம் எனப்படும் ஆழ்கடற் பகுதிக்கு வந்தது. இந்தியாவின் தனஞ்சய் பாண்டேயும் அமெரிக்காவிலிருந்து வந்த பீட்டர் கிளிஃப்டும் அப்பயணத்திற்குக் கூட்டாகத் தலைமை வகித்தார்கள். 3,600 மீட்டருக்கும் அதிகமான நீரின் ஊடே குழாயை இறக்கி, அதற்கும் கீழே 1,100 மீட்டர் ஆழம் வரை துளைத்தார்கள். நம் ஆனைமுடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அக்கடலில் இறக்கினாலும் அதன் உச்சி அடித்தரையைத் தொடாது என்றால், அம்முயற்சியின் அருமை விளங்கும். பல்லாண்டு உழைத்த அக்கப்பல் 2024ஆம் ஆண்டில் தன் ஆராய்ச்சிப் பணியை முடித்துக்கொண்டது.

அது எடுத்த இந்துமகா சமுத்திரச் சேற்றுத் தண்டுகள் இன்று எங்கே இருக்கின்றன தெரியுமா? கோச்சியில்! நம் கொச்சியன்று, ஜப்பான் நாட்டில் ஏறத்தாழ அதே பெயர் கொண்ட நகரில், குளிர்ந்த அறைகளில், நூலகத்து நூல்களைப் போல் வரிசையாக அடுக்கி வைத்துக் காக்கப்படுகின்றன. ஒவ்வொரு தண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ச்சிக்கும், மறு பாதியைப் பிற்காலத்தாருக்கென்றும் வைக்கிறார்கள். இன்று விளங்காதது நாளை வேறொருவருக்கு விளங்கலாம் அல்லவா?

ஏட்டைப் படிக்கும் முறை

சேற்றை மெல்லிய துண்டுகளாக வெட்டி, நுண்ணிய சல்லடையில் இட்டுக் கழுவுவார்கள். களிமண் கரைந்தோட, ஓடுகள் மிஞ்சும். பின்னர் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, மெல்லிய தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இனம் பிரிப்பார்கள். அரிசியில் கல் பொறுக்கும் நம் பெண்மணிகளின் பொறுமையைப் போல் நூறு மடங்கு பொறுமை அதற்கு வேண்டும்.

இவ்வோடுகளில் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்ற இனம் நமக்கு முக்கியமானது. இது குளிர்ந்த கடல்களில் வாழ்வது. வெப்பமான அரபிக் கடலில் அதற்கு என்ன வேலை? தென்மேற்குக் காற்று உரமாக வீசும்போது, அரேபியக் கரையோரத்து மேல்நீர் கடலுக்குள் தள்ளப்படுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. அப்போது அங்கே நுண்தாவரங்கள் பல்கிப் பெருக, இந்தப் புல்லாய்டிஸ் இனமும் பெருகுகிறது. ஆகவே, சேற்றின் ஓர் அடுக்கில் இவ்வோடுகளின் விகிதம் மிகுந்திருந்தால், அக்காலத்தில் பருவக்காற்று வலுத்திருந்தது என்று கொள்ளலாம்; குறைந்திருந்தால் காற்று தளர்ந்திருந்தது என்று கொள்ளலாம். காற்றைப் பெட்டியில் அடைத்து வைக்க இயலாது; ஆனால், காற்றின் கணக்கை ஒரு மணல் துகளளவு ஓடு காத்து வைத்திருக்கிறது!

இரண்டாவது சாட்சி பிராணவாயு அணு. அதில் இலேசானது, கனமானது என இரு வகை உண்டு. இலேசான அணுவைக் கொண்ட நீர் எளிதில் ஆவியாகும். பனியுகத்தில் அவ்வாவி துருவப் பிரதேசங்களில் பனிமலையாக உறைந்து நின்றுவிட, கடலில் கனமான வகையின் பங்கு மிகுந்தது. அந்நீரில் கட்டப்பட்ட ஓட்டிலும் அது பதிந்தது. சிக்காகோவில் பணிபுரிந்த இத்தாலியரான எமிலியானி 1955ஆம் ஆண்டில் இவ்வழியே பனியுகங்களின் வரிசையைக் கண்டறிந்தார். ஓட்டில் பதிந்தவற்றுள் பெரும்பங்கு பனியின் அளவைக் குறிப்பதே என்று 1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஷேக்கிள்டன் எடுத்துக்காட்டினார். நம் கரையோரத்திலோ மற்றொரு செய்தியும் இதில் அடங்கியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் மழைநீரில் கனமான அணு குறைவு. ஆறுகள் பெருக்கெடுத்துக் கடலோரத்தை நன்னீராக்கிய ஆண்டுகளில் வளர்ந்த ஓடுகள் அதனையும் காட்டிக்கொடுக்கின்றன.

மற்றச் சாட்சிகளையும் சுருக்கமாகக் காண்போம். கார்பன் 14 என்னும் அணு சிதையும் வேகத்தைக் கொண்டு சுமார் 50,000 ஆண்டுகள் வரை காலத்தைக் கணிக்கலாம். களிமண்ணின் வகையைக் கொண்டு அது வந்த ஊரைச் சொல்லலாம். வெள்ளைக் களிமண் வகை மிகுந்தால் நம் மலையின் சிவந்த துருக்கல் மண்ணிலிருந்து வந்தது என்றும், வேறு வகையானால் தக்காணக் கரிசலிலிருந்தோ சிந்து நதியிலிருந்தோ வந்தது என்றும் பிரித்தறிவர். சேற்றில் எஞ்சிய உயிர்ப்பொருளின் அளவு கடலின் விளைச்சலைக் காட்டும். இலைகளின் மேல் உள்ள மெழுகு கூட இலட்சக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் இருந்து, அது மரத்தின் இலையா, புல்லின் இலையா என்று கூறும்.

ஏடு கூறும் கதை

இனிக் கதைக்கு வருவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தது. கடல் மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கொச்சிக் கரை மேற்கே வெகுதூரம் விலகி இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அக்காலத்தில் மிகவும் தளர்ந்திருந்தது. பின்னர் பனி உருகிற்று. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன், பூமி தன் பாதையில் சூரியனை மிக நெருங்குவது நம் கோடைக் காலத்தில் நேர்ந்தது; இப்போதோ அது ஜனவரி மாதத்தில் நேர்கிறது. ஆகவே அக்காலத்துக் கோடையில் ஆசிய நிலப்பரப்பு மிகுதியாகக் காய்ந்தது. காற்றும் மழையும் வலுத்தன. அதன்பின் சில ஆயிரம் ஆண்டுகளாகப் பருவக்காற்று படிப்படியாகக் குறைந்து வந்தது.

ஆனால், அக்குறைவு ஒரே சீராக நிகழவில்லை. கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அனில் குப்தாவும் அமெரிக்கத் தோழர்களும் ஓமன் கரைச் சேற்றை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. வட அட்லாண்டிக் கடலில் குளிர் மிகுந்த நூற்றாண்டுகளில் எல்லாம் நம் பருவக்காற்று தளர்ந்திருக்கிறது! எங்கோ பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கும், மூணாற்றுத் தேயிலைச் செடிக்கும் உறவு உண்டென்பதை இச்சிறு ஓடுகள் மெய்ப்பித்தன. இதே குழுவினர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கி.பி. 1600ஆம் ஆண்டையொட்டித் தளர்ந்திருந்த காற்று, அதன்பின் வந்த நான்கு நூற்றாண்டுகளில் வலுப்பெற்று வந்திருக்கிறது.

கடலின் சாட்சியை மலையின் சாட்சியோடு ஒப்பிடவும் வாய்ப்பு உண்டு. நம் மலைகளுக்கு வடக்கே நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில், மக்காத செடிகொடிகள் கரிய மண்ணாக அடுக்கடுக்காய்ச் சேர்ந்துள்ளன. சுகுமார், ரமேஷ் முதலிய அறிஞர்கள் அம்மண்ணை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தாவரங்களில் இருவகை உண்டு. கரும்பு, சோளம், கேழ்வரகு போன்றவை ஒரு வகை. நெல், தேயிலை, பெரும்பாலான மரங்கள் மற்றொரு வகை. இரண்டும் கரியமில வாயுவை உட்கொள்ளும் விதம் வேறு. ஆதலின் அவை விட்டுச் செல்லும் கரி அணுக்களின் விகிதமும் வேறு. பனியுகத்தின் உச்சத்தில் மலை வறண்டு, வறட்சியைத் தாங்கும் புல்வகை மேலோங்கியதும், பின்னர் மழை வலுத்து மற்ற வகை பெருகியதும் அம்மண்ணில் பதிந்துள்ளன. கடலும் மலையும் தனித்தனியே அளித்த வாக்குமூலங்கள் ஒத்துப்போகும்போது நம்பிக்கை உறுதியாகிறது.

இன்னும் பழைய பக்கங்களும் உண்டு. பருவக்காற்று சுமார் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று ஓமன் கரைச் சேற்றைக் கொண்டு முன்பு கருதினார்கள். 2015ஆம் ஆண்டில் மாலத்தீவுகளை ஒட்டித் துளையிட்டபோது கிடைத்த சான்றுகள், சுமார் 1 கோடியே 29 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே அது வலுவாகத் தொடங்கிவிட்டது என்று காட்டின.

நம்மவர்க்கு உவப்பான செய்தி மற்றொன்று. இந்தியாவின் மேற்குக் கரைக்கு அப்பால், சுமார் 1 கோடியே 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கடலுக்கடியில் மாபெரும் சரிவு ஒன்று நிகழ்ந்திருக்கிறது. சரிந்த மண்ணும் பாறையும் ஏறத்தாழ 19,000 கன கிலோமீட்டர். உலகில் அறியப்பட்ட இத்தகைய சரிவுகளில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று. அதற்கு விஞ்ஞானிகள் சூட்டியிருக்கும் பெயர் ‘நடராஜச் சரிவு’ என்பதாகும். தில்லைக் கூத்தனின் பெயர் ஆழ்கடலிலும் ஒலிக்கிறது!

மழையும் மீனும்

கடலின் சேற்றை ஆராய்வது மழைக்காக மட்டுமன்று, மீனுக்காகவும்தான். ஆனி முதல் புரட்டாசி வரை கொல்லம், கொச்சிக் கரையோரங்களிலும் அடிநீர் மேலெழுகிறது. அதனோடு வரும் சத்து நுண்தாவரங்களை வளர்க்க, அவற்றை உண்டு மத்தி என்னும் சாளை மீன் கொழுக்கிறது. ஏழையின் மீன் என்று அதற்குப் பெயர். மலையேறி வரும் மீன்வண்டியில் தோட்டத் தொழிலாளி வாங்குவதும், கணவாய் வழியே கோயம்புத்தூர் போகும் வண்டிகளில் நிறைவதும் பெரும்பாலும் இதுவே.

மத்தியின் வரவு என்றும் நிலையற்றது. மண்டபத்தில் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுப் பின்னர் கொச்சிக்கு மாறிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கைக் காண்க. கேரளத்தில் 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 இலட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021ஆம் ஆண்டிலோ சுமார் 3,300 டன்தான்! வலை குற்றவாளியா, கடல் குற்றவாளியா? இத்தகைய வழக்கில் சேறு நல்ல சாட்சி. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் சான்டா பார்பரா என்னும் கடற்குழியில் வரிப் படிவுகளைப் பிரித்து, அவற்றிற் புதைந்த மீன் செதில்களை எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 1,700 ஆண்டுகளின் கணக்கு கிடைத்தது. பெரிய வலைகளே இல்லாத காலத்தும் அங்கே மத்தி இனம் பெருகியும் அருகியும் வந்திருக்கிறது. அதனால் வலை நிரபராதி என்று ஆகிவிடாது. இயல்பாகவே மீன் அருகும் காலத்தில் வலையும் கூடிக்கொண்டால் இழப்பு இரட்டிப்பாகும் என்பதே அதன் படிப்பினை.

மழை மிகுந்தால் மீனும் மிகும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. அரேபியப் பக்கத்தில் தென்மேற்குக் காற்று வலுத்த காலத்தில் கடல் செழித்தது என்பது உண்மை. ஆனால், நம் பக்கத்துக் கிழக்கு அரபிக் கடற் சேற்றின் பல தண்டுகள், மழை தளர்ந்திருந்த பனியுகத்தில்தான் கடல் மிகுதியாக விளைந்தது என்கின்றன. அக்காலத்தில் குளிர்ந்த வறண்ட வடகிழக்குக் காற்று வலுத்து, கடலின் மேல்நீரைக் குளிரச் செய்து, ஆழத்து நீரோடு கலக்கச் செய்ததே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். தவிர, பெருமழையின் நன்னீர் கடல்மீது மூடிபோல் பரவி, அடியிலுள்ள சத்தை மேலே வரவொட்டாமல் தடுக்கவும் கூடும். ஒரே கடலின் இரு கரைகளுக்கு இருவேறு கதைகள்!

இன்றைய நிலைமை என்ன? இந்துமகா சமுத்திரத்தின் மேல்நீர் வேகமாக வெப்பமடைந்து வருகிறது. சூடான நீர் இலேசானதாகையால் மேலேயே மிதந்து நின்று, அடிநீர் எழுவதைத் தடுக்கிறது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் ராக்ஸி மாத்யூ கோல் என்ற அறிஞரும் அவர் குழுவினரும், மேற்கு இந்துமகா சமுத்திரத்தில் அறுபது ஆண்டுகளில் நுண்தாவரங்கள் 20 சதவிகிதம் வரை குறைந்திருக்கக்கூடும் என்று 2016ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்கள். மழையிலும் மாறுதல் தென்படுகிறது. 1950 முதல் 2015 வரை மத்திய இந்தியாவில் பரவலான கொடுமழை நிகழ்ச்சிகள் மும்மடங்கு ஆயின என்பது அவர்களது மற்றொரு முடிவு.

நமக்கு இதனால் என்ன?

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில், இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, நம் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளின்மேல் விழுந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எழுபது உயிர்கள் பறிபோயின. கடலடிச் சேறு அப்படிப்பட்ட ஓர் இரவின் மழையை முன்கூட்டி உரைக்குமா? உரைக்காது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது பல்லாண்டுகளின் திரட்சி. ஓர் இரவு அதிலே தனியே தெரியாது. ஓமன் கரையில் வீசிய காற்றின் வலுவை, மூணாற்றில் பெய்த மழையின் அளவென்று அப்படியே எடுத்துக்கொள்ளவும் இயலாது. இவ்வரம்புகளை விஞ்ஞானிகளே முதலில் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆயினும், வேறு எதுவும் உணர்த்த முடியாத ஒன்றைச் சேறு உணர்த்துகிறது. பருவமழை கல்லில் செதுக்கிய நியதியன்று. உலகின் உஷ்ணநிலை மாறும்போது அதுவும் மாறியிருக்கிறது. சில வேளைகளில் ஒரு தலைமுறைக்குள்ளேயே மாறியிருக்கிறது. முன்னை மாறுதல்கள் சூரியனாலும் பனியாலும் வந்தவை. இன்றைய வெப்பத்திற்கோ மனிதன் எரிக்கும் கரியும் எண்ணெயுமே தலையாய காரணம். வருங்கால மழையைக் கணிக்கும் கணிப்பொறி முறைகள் சரியா, தவறா என்று சோதிக்க, அவற்றைப் பழைய காலத்தின் மேல் ஓட்டிப் பார்த்து, சேற்றின் சாட்சியோடு ஒப்பிடுவதே தக்க வழி. அணையை எவ்வளவு உயரம் நிரப்பலாம், எச்சரிவில் குடியிருப்பு கட்டலாகாது, எந்த மாதத்தில் வலையை மடக்க வேண்டும் என்னும் முடிவுகள் எல்லாம் நாளை அக்கணிப்புகளையே நம்பி நிற்கும். அம்முடிவுகளின் கீழே வாழப் போகிறவர்கள் நம் குழந்தைகள்.

சங்க அன்பர்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. சேற்றின் மொழியைப் பெயர்ப்பதற்கு அகராதி வேண்டும். அந்த அகராதி, மனிதர் கருவி வைத்து அளந்த மழைக் கணக்கே. நம் மலைகளில் பல தோட்டங்களில் மழைமானி வைத்து, நாள்தோறும் காலையில் அளந்து பேரேட்டில் பதியும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அளந்தவரும் எழுதியவரும் பெரும்பாலும் நம் முன்னோரே. கரையான் அரித்த பழைய பேரேடு ஒன்று உங்கள் கண்ணிற் பட்டால், பழங்காகிதக் கடைக்குப் போகவிடாதீர்கள். பள்ளி ஆசிரியரிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். கொச்சியிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள ஆராய்ச்சி நிலையத்தாருக்குத் தெரிவியுங்கள்.

மற்றொன்று: பூகோளத்திலும் இரசாயனத்திலும் நாட்டமுள்ள நம் பிள்ளைகளுக்கு, கடலாராய்ச்சி என்று ஒரு படிப்பு உண்டென்று சொல்லுங்கள். கொச்சிப் பல்கலைக்கழகத்திலேயே அது கற்பிக்கப்படுகிறது. மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று எவரேனும் கேட்டால், நம் மலைதானே கடலடியில் சேறாகக் கிடக்கிறது என்று அப்பிள்ளை விடையளிக்கட்டும்.